காளானும் நோய் எதிர்ப்புச் சக்தியும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

காளான் பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்தச் சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டுவதைவிட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

1. காளான் சாப்பிட்டா எதிர்ப்புச் சக்தி கூடுமா கூடாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

காளானில் உள்ள சில பொருள்கள் நம் எதிர்ப்பு மண்டலத்தின் செல்களைத் தட்டி எழுப்புகின்றன, ஆய்வகத்தில் இதில் சந்தேகமே இல்லை. ஆனால் சமைத்துத் தட்டில் போட்டுச் சாப்பிடும்போது மனித உடலில் தெரிகிற விளைவு சிறியது. அளந்து பார்த்தால் இருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சாப்பிட்டால் காய்ச்சலே அண்டாது என்று யாரும் நிரூபித்துக் காட்டவில்லை.

இன்னொன்று, எதிர்ப்புச் சக்தி என்பது கூடக் கூட நல்லது என்கிற சமாச்சாரம் இல்லை. அடுப்புத் தீ மாதிரிதான் அது, குறைந்தால் வேகாது, கூடினால் தீய்ந்துவிடும். ஒவ்வாமை, முடக்குவாதம், லூபஸ் எல்லாம் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாத இடத்தில் தேவைக்கு மேல் வேலை செய்வதால் வருபவை. அதனால் "எதிர்ப்புச் சக்தியை பல மடங்கு பெருக்கும்" என்று ஒரு டப்பாவில் எழுதியிருந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

2. அப்படி அதுல என்னதான் இருக்கு?

முக்கியமான ஆள் பீட்டா குளுக்கன். குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த ஒரு நார்ப்பொருள், காளானின் செல்சுவரே பெரும்பாலும் இதனாலும் கைட்டினாலும் ஆனது. கைட்டின் என்றால் நண்டு, இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருள். ஷிடாகே காளானிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கனுக்கு லென்டினன் என்று பெயர், சிப்பிக் காளானிலிருந்து எடுப்பதற்கு புளூரான் என்று பெயர். பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் அடிப்படைக் குடும்பம் ஒன்றுதான்.

இதைத் தவிர எர்கோதியோனின், எர்கோஸ்டெரால், செலினியம், தாமிரம், சில பி வைட்டமின்கள், எதிர்ப்பு செல்களோடு வினைபுரியும் சில சிறு புரதங்கள் (எனோகி காளானில் இப்படி ஒன்றை 1990களில் பிரித்தெடுத்தார்கள்) என்று பட்டியல் போகும். ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: பச்சைக் காளானில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். நூறு கிராம் காளானில் இந்தப் பொருள்கள் எல்லாம் மிச்சமுள்ள பத்துக் கிராமுக்குள்தான் அடங்கியாக வேண்டும்.

3. வெறும் நார்ச்சத்துதானே? அதைப் பார்த்து வெள்ளை அணு ஏன் முழிச்சுக்கணும்?

ஏனென்றால் அது காளானின் சுவர் மட்டும் இல்லை, நம்மைத் தாக்குகிற நோய்ப் பூஞ்சைகளின் சுவரும்கூட. மனித செல்கள் பீட்டா குளுக்கன் தயாரிப்பதில்லை. அதனால் உடம்புக்குள் எங்காவது அது தென்பட்டால் "வெளியிலிருந்து பூஞ்சை வந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளும்படி எதிர்ப்பு மண்டலம் பரிணாமத்தில் பழகிவிட்டது. கறிக்கு நாம் நறுக்குகிற காளானும் பூஞ்சைதான், அந்த செல்களுக்கு நல்ல பூஞ்சை கெட்ட பூஞ்சை என்ற பாகுபாடு தெரியாது.

கண்டுபிடிக்கும் கருவி, செல்லின் மேல் ஒட்டியிருக்கிற ஏற்பி எனப்படும் புரதம். அதில் பேர் போனது டெக்டின்-1. பீட்டா குளுக்கனைப் பிடிப்பது இதுதான் என்று 2001இல் கார்டன் பிரௌனும் சியாமன் கார்டனும் காட்டினார்கள். மேக்ரோபேஜ், நியூட்ரோஃபில், டென்ட்ரிடிக் செல் ஆகிய எதிர்ப்பு செல்களின் மேல் இது இருக்கிறது. குளுக்கன் வந்து ஒட்டியதும் அந்தச் செல் அதை விழுங்கப் பார்க்கும், சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் பொருள்களை வெளியே விடும், அதைக் கேட்டு டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் அசைய ஆரம்பிக்கும். சிஆர்3 என்று இன்னொரு ஏற்பியும் உண்டு.

டெக்டின்-1 எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி: அதன் மரபணுவில் குறை இருந்த ஒரு குடும்பத்தைப் பற்றி 2009இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று, நகப்பூஞ்சை எல்லாம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

4. பீட்டா குளுக்கன் ஜீரணமே ஆகாதாமே? அப்புறம் ரத்தத்துக்கு எப்படிப் போகும்?

பெரும்பாலும் போவதே இல்லை. நம் குடலில் அதை உடைக்கிற நொதி கிடையாது, அதனால் அது முழு உருவத்தோடு குடல் வழியே நகர்கிறது. ஆனால் குடல் சுவரை ஒட்டித்தான் எதிர்ப்பு செல்கள் பெருங்கூட்டமாக இருக்கின்றன. சிறுகுடலில் பேயர் திட்டுகள் என்று சில இடங்கள் உண்டு, அங்கிருக்கும் எம் செல்கள் குடலுக்குள் போகிறவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மாதிரி எடுத்து உள்ளே இருக்கும் எதிர்ப்பு செல்களிடம் கொடுக்கும். பீட்டா குளுக்கனும் இப்படித்தான் மாட்டுகிறது.

எலிகளில் 2004இல் செய்த ஆய்வு ஒன்றில், வாய்வழி கொடுத்த ஈஸ்ட் குளுக்கனை மேக்ரோபேஜ்கள் விழுங்கி மண்ணீரலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் சுமந்துபோய், அங்கே சிறு துண்டுகளாக உடைத்து வெளியே விட்டதைப் பார்த்தார்கள். மனிதரில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது வேறு கதை, கேள்வி 14இல் வருகிறது.

இரண்டாவது வழி குடல் பாக்டீரியா. நமக்குச் செரிக்காத நார் அவற்றுக்கு உணவு. அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை அவை தயாரிக்கின்றன, இந்த அமிலங்கள் குடல் சுவரைப் பலப்படுத்தி அழற்சியை அடக்கும் டி செல்களுக்கு உதவுகின்றன. என்னைக் கேட்டால் உணவாகச் சாப்பிடும் காளான் விஷயத்தில் இந்த இரண்டாவது வழிக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை, எல்லாரும் ஏற்பி, செல் என்று பேசிக்கொண்டு பாக்டீரியாவை மறந்துவிடுகிறார்கள்.

5. ஓட்ஸ்லயும் பீட்டா குளுக்கன் இருக்கே, அதையே சாப்பிட்டா போதாதா?

பெயர் ஒன்று, ஆள் வேறு. குளுக்கோஸ் கண்ணிகள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். காளானிலும் ஈஸ்ட்டிலும் முதுகெலும்பு 1,3 பிணைப்பு, அதிலிருந்து 1,6 பிணைப்பில் கிளைகள். ஓட்ஸ், பார்லியில் 1,3உம் 1,4உம் கலந்த நேர்ச்சங்கிலி, கிளை கிடையாது. ஓட்ஸ் குளுக்கன் குடலில் கொழகொழப்பாகிக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும், தினம் 3 கிராம் என்ற கணக்கு அதற்குத்தான். டெக்டின்-1 ஏற்பிக்குப் பிடித்த உருவம் காளான், ஈஸ்ட் பக்கம்தான். இரண்டுமே நல்ல உணவு, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று வைக்காதீர்கள்.

6. மனுஷங்ககிட்ட சோதிச்சிருக்காங்களா, இல்ல எல்லாம் எலிதானா?

பெரும்பாலும் எலியும் கண்ணாடிக் குடுவையும்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். குடுவையில் செல் மேல் நேரடியாக ஊற்றும் அளவு, நம் குடலைத் தாண்டி அந்தச் செல்லை அடையவே அடையாது. ஆனால் மனித ஆய்வுகள் கொஞ்சம் உண்டு, அவற்றில் இரண்டு உணவாகவே காளானைக் கொடுத்தவை.

ஒன்று ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்டது. 21 முதல் 41 வயதுக்குள் 52 ஆரோக்கியமான பேர், தினமும் 5 அல்லது 10 கிராம் உலர்ந்த ஷிடாகே, நான்கு வாரம். முடிவில் காமா-டெல்டா டி செல்கள் (டி செல்களில் ஒரு வகை) முன்பைவிட நன்றாகப் பெருகின, எச்சிலில் ஐஜிஏ எதிர்ப்பொருள் கூடியது, அழற்சியைக் காட்டும் சிஆர்பி குறைந்தது. அதாவது விழிப்பு கூடியது, வீண் அழற்சி கூடவில்லை. நல்ல சேதிதான், ஆனால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட்ட தனிக்குழு கிடையாது, முன்னும் பின்னும் பார்த்த கணக்கு.

இரண்டாவது 2012இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது, சாதாரண மொட்டுக் காளானை வைத்து. 24 பேர் பங்கேற்றார்கள், சாப்பிட்ட குழுவுக்கு ஒரு வாரம் தினமும் 100 கிராம், கொதிநீரில் லேசாக வேகவைத்தது. அவர்களுக்கு எச்சில் ஐஜிஏ 53 சதவீதம் உயர்ந்தது, நிறுத்திய அடுத்த வாரமும் அந்த உயர்வு நின்றது, அப்புறம் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள், விற்பனைப் பக்கங்களில் அது மட்டும் வராது.

7. ஐஜிஏ கூடுச்சுன்னா சளி பிடிக்காதுன்னுதானே அர்த்தம்?

இல்லை. ஐஜிஏ என்பது வாய், மூக்கு, குடல் ஈரச்சவ்வுகளில் கிருமி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் எதிர்ப்பொருள், அது குறைவாக இருப்பவர்களுக்குச் சளித்தொல்லை அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் சாதாரண அளவு இருக்கும் ஒருவருக்கு இன்னும் கூடினால் அந்த விகிதத்தில் சளி குறையும் என்று அர்த்தம் இல்லை. ரத்தத்திலும் எச்சிலிலும் ஓர் எண் மாறுவது ஒன்று, ஆள் நோயில் படுக்காமல் இருப்பது இன்னொன்று. இந்தத் துறையில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வருவது.

8. சரி, நிஜமாவே நோய் குறைஞ்சதுன்னு காட்டின ஆய்வே கிடையாதா?

இருக்கிறது, ஆனால் அது காளான் கறி இல்லை, பிரித்தெடுத்த புளூரான். அடிக்கடி மூச்சுப்பாதைத் தொற்று வரும் 175 குழந்தைகளை வைத்து ஸ்லோவாக்கியாவில் செய்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு வைட்டமின் சி கலந்த புளூரான் சிரப், இன்னொரு குழுவுக்கு வைட்டமின் சி மட்டும். புளூரான் எடுத்தவர்களில் 36 சதவீதம் பேருக்குச் சிகிச்சைக் காலத்தில் ஒரு தொற்றுகூட வரவில்லை, மற்ற குழுவில் அது 21 சதவீதம். கடுமையாக உடற்பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களிடமும் இதே பொருளை வைத்து ஆய்வு செய்து சளித்தொல்லை குறைந்ததாகச் சொன்னார்கள்.

இதிலிருந்து "குழந்தைக்குத் தினம் காளான் கொடுங்கள், சளி வராது" என்று தாவாதீர்கள். அது அளந்து செறிவாக்கிய பொருள், கூடவே ஏற்கெனவே அடிக்கடி நோய்ப்படுகிற குழந்தைகள். குழந்தைக்கு காளான் உணவாகப் பிடித்தால் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். சிரப், பவுடர் என்றால் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

9. எந்தக் காளான்ல இந்தச் சத்து அதிகம்? ஒண்ணு சொல்லுங்க, அதையே வாங்கிடறேன்.

ஒன்றைச் சொல்ல மாட்டேன். பீட்டா குளுக்கன் பொதுவாக ஷிடாகே, சிப்பிக் காளான் பக்கம் மொட்டுக் காளானைவிட அதிகம். ஆனால் ஒரே வகையிலும் வளர்த்த முறை, பறித்த பருவம் பொறுத்து மாறும். பல வகைகளில் குடையைவிடத் தண்டில் கூடுதலாக இருக்கிறது, நாம் வெட்டி எறிகிற பகுதி அதுதான். பொடியாக நறுக்கி வேகவைத்தால் தண்டும் நன்றாகவே இருக்கும்.

மொட்டுக் காளானை ஏழையாகப் பார்க்க வேண்டாம், கேள்வி 6இல் ஐஜிஏவை உயர்த்தியது அதுதான். கிடைப்பதை, பிடித்ததை, மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். காட்டில் பார்த்ததைப் பறித்துச் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், கல்லீரலைக் கொல்லும் அமானிட்டா வகைகள் பார்வைக்கு அப்பாவியாகவே இருக்கும், வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

10. பச்சையா சாப்பிட்டாதான் முழு சத்தும் கிடைக்குமாமே?

தலைகீழ். கைட்டினும் குளுக்கனும் பின்னிய அந்தச் சுவர் பச்சையாக இருக்கும்போது இறுக்கமாக இருக்கிறது, உள்ளே இருப்பது வெளியே வருவது கஷ்டம், வயிறும் உப்பும். வேகவைத்தால் சுவர் தளரும். பீட்டா குளுக்கன் சமையல் சூட்டில் அழிந்துவிடுவதில்லை, அதில் ஒரு பகுதி வெந்நீரில் கரையும். ஆகவே வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், குழம்பிலோ சூப்பிலோ சேருங்கள். எர்கோதியோனினும் சூட்டைத் தாங்கும். சில பி வைட்டமின்கள் கொஞ்சம் போகும், அதற்காகப் பச்சையாக மெல்ல வேண்டியதில்லை.

பச்சையாகச் சாப்பிடுவதில் மூன்று தொல்லைகள் உண்டு. மொட்டுக் காளானில் அகாரிட்டின் என்ற பொருள் இருக்கிறது, எலிகளில் ஆபத்தாகத் தெரிந்ததால் பேசப்படுவது, வேகவைத்தால் பெருமளவு குறையும். ஷிடாகேயைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் சிலருக்கு ஓரிரண்டு நாளில் உடம்பெல்லாம் சாட்டையால் அடித்த மாதிரி சிவப்புக் கோடுகள் வரும், 1977இல் ஜப்பானில் முதலில் விவரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று கொண்டாடும் அதே லென்டினன்தான் இதற்கும் காரணம் என்று கருதுகிறார்கள். மூன்றாவது லிஸ்டீரியா கிருமி. 2020இல் எனோகி காளான் மூலம் பரவி அமெரிக்காவில் 36 பேரைப் படுக்கவைத்தது, 4 பேர் இறந்தார்கள். கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சைக் காளான் பக்கமே போக வேண்டாம்.

11. காளானை வெயில்ல வெச்சா வைட்டமின் டி வருமாம், உண்மையா வாட்ஸ்அப் கதையா?

உண்மை. காளானில் உள்ள எர்கோஸ்டெரால் புற ஊதாக் கதிர் பட்டதும் வைட்டமின் டி2 ஆக மாறும், பறித்த பிறகும் இது நடக்கும். நறுக்கியோ, அடிப்பக்கச் செதில்கள் மேலே தெரியும்படி கவிழ்த்தோ நண்பகல் வெயிலில் வைத்தால் 15 நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல்கூட ஏறும், பெரியவர் ஒருவரின் தினத் தேவை 15 மைக்ரோகிராம் என்று வைத்துப் பாருங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் வேலைக்கு ஆகாது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இருட்டறையில் வளர்த்து அப்படியே பெட்டிக்குப் போன காளானில் இந்த வைட்டமின் கிட்டத்தட்ட இல்லை.

எதிர்ப்பு செல்களுக்கு வைட்டமின் டி தேவை, கிருமியைக் கொல்லும் ஒரு சிறு புரதத்தைத் தயாரிக்க அது உதவுகிறது. குறைபாடு உள்ளவருக்கு அதைச் சரிசெய்வதில் பலன் உண்டு. போதுமான அளவு இருப்பவர் மேலே மேலே ஏற்றுவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. டி2, டி3 அளவுக்கு ரத்த அளவை உயர்த்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

12. எர்கோதியோனின்னு ஒண்ணைப் பத்தி நிறைய பேசறாங்களே?

1909இல் சார்லஸ் டான்ரே என்ற பிரெஞ்சுக்காரர் தானியத்தில் வரும் எர்காட் பூஞ்சையில் கண்டுபிடித்த அமினோ அமிலம். பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களும் மட்டுமே தயாரிக்கும், நமக்கு உணவிலிருந்துதான் வர வேண்டும், காளான்தான் இருப்பதிலேயே நல்ல வழி. சுவாரஸ்யம் எங்கே என்றால், இதை செல்லுக்குள் இழுத்துக்கொள்ள நம் உடம்பில் தனியாக ஒரு கடத்திப் புரதமே இருக்கிறது, 2005இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். சிவப்பணு, கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று ஆக்சிஜன் சேதம் அதிகம் நடக்கும் இடங்களில் உடம்பு இதைச் சேர்த்து வைக்கிறது. இவ்வளவு மெனக்கெட்டுச் சேர்த்து வைப்பதால் ஏதோ பயன் இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான், ஆனால் அதைத் தின்று ஒரு குறிப்பிட்ட நோய் குணமானது என்று காட்டும் நிலைக்கு ஆய்வு வரவில்லை.

13. கேப்சூல், பவுடர் எல்லாம் வாங்கலாமா? பாட்டில்ல 'மைசீலியம்'னு போட்டிருக்கு, அது என்ன?

காளான் என்று நாம் சொல்வது அந்தப் பூஞ்சையின் பழ உடல். மண்ணுக்கோ மரத்துக்கோ உள்ளே நூல் நூலாகப் பரவியிருக்கும் பகுதி மைசீலியம். சில நிறுவனங்கள் மைசீலியத்தை அரிசி, ஓட்ஸ் போன்ற தானியத்தின் மேல் வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்துப் பொடியாக்கும். அதில் காளானைவிட மாவுச்சத்து அதிகமாக இருக்கும். லேபிளில் "பாலிசாக்கரைடு 40 சதவீதம்" என்று மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள், ஸ்டார்ச்சும் பாலிசாக்கரைடுதான். பீட்டா குளுக்கன் எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். பொடியைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு அயோடின் விட்டால் ஸ்டார்ச் இருந்தால் கருநீலமாகும், பள்ளியில் செய்த அதே சோதனை.

2017இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 19 ரெய்ஷி (மருந்துக் காளான் என்று விற்கப்படும் ஒரு வகை) தயாரிப்புகளைச் சோதித்தார்கள். லேபிளில் சொன்னதோடு ஒத்துப்போனவை 5 மட்டும். காளானை முழுசாக வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை, கண்ணால் பார்த்தே வாங்கலாம்.

14. 'பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல்'னு படிச்சேன், பீட்டா குளுக்கன் செல்லுக்கே டிரெய்னிங் கொடுக்குதாமே?

இது நிஜமான, பெரிய விஷயம். பழைய கிருமியை நினைவில் வைப்பது டி, பி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களுக்கு மட்டும்தான் முடியும் என்று நினைத்திருந்தோம். மோனோசைட் என்ற வெள்ளை அணு போன்ற எளிய செல்களும் ஒருமுறை தூண்டப்பட்டால் மரபணுக்களின் மேல் சில இரசாயன அடையாளங்களை வைத்துக்கொண்டு, அடுத்த முறை வேறு கிருமி வந்தாலும் வேகமாக எழும் என்று நெதர்லாந்தின் நைமேகனில் மிஹாய் நெடியாவின் குழு காட்டியது, 2011இல் அதற்குப் பெயரும் வைத்தது. பிசிஜி தடுப்பூசியும் பீட்டா குளுக்கனும் அதற்கு முதன்மை உதாரணங்கள்.

ஆனால் அங்கே குளுக்கனை செல் மேல் நேராக வைத்தோ எலிக்கு ஊசியாகப் போட்டோதான் பார்த்தார்கள். அதே நகரத்து ஆட்களே 2014இல் மனிதரிடம் வாய்வழியாகச் சோதித்தார்கள்: 15 ஆரோக்கியமான பேர், அதில் குளுக்கன் எடுத்தவர்களுக்கு தினம் 1000 மில்லிகிராம் ஈஸ்ட் குளுக்கன், 7 நாள். ரத்தத்தில் அது ஏறக்குறையக் கிடைக்கவே இல்லை, செல்களின் நடத்தையும் மாறவில்லை. சிறிய ஆய்வுதான், ஏழே நாள்தான், அதோடு அது காளான் இல்லை. ஆனாலும் "வாயால் விழுங்கினால் செல் டிரெய்னிங்" என்று விளம்பரம் போடுகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

15. ஜப்பான்ல கேன்சருக்கு காளான் மருந்தே இருக்காம். நீங்க என்னடான்னா இழுக்கறீங்க?

இருந்தது உண்மை. 1969இல் கோரோ சிஹாராவின் குழு ஷிடாகேயிலிருந்து லென்டினனைப் பிரித்து எலிகளின் கட்டி சுருங்குவதைக் காட்டியது. 1985இல் இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோவோடு சேர்த்துத் தர ஜப்பான் அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பே 1977இல் வான்கோழிவால் காளானிலிருந்து எடுத்த பிஎஸ்கே என்ற பொருளுக்கும் அனுமதி. லென்டினன் ஊசியாக நரம்பில் ஏற்றுவது. பிஎஸ்கே வாய்வழிதான், ஆனால் அந்தக் காளான் தோல் மாதிரி கெட்டியானது, யாரும் கறி வைப்பதில்லை.

முடிவுகள்? ஆரம்பகால ஆய்வுகள் சிலவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது லென்டினனால் கொஞ்சம் ஆயுள் கூடியதாகத் தெரிந்தது. அப்புறம் 309 இரைப்பைப் புற்றுநோயாளிகளை வைத்து, மாத்திரைக் கீமோ மட்டும் ஒரு பக்கம், அதோடு லென்டினன் இன்னொரு பக்கம் என்று முறையாகச் செய்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மொட்டுக் காளான் பொடியை 36 புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்த ஓர் ஆய்வும் உண்டு, 2015இல் வந்தது. இரண்டு பேருக்கு பிஎஸ்ஏ (இந்த நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் புரதம்) அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியது. இரண்டு பேர் என்பது ஆர்வமூட்டும் தொடக்கம், அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றிச் சொல்லக் கூடாது.

ரெய்ஷி பற்றியும் அதே கதிதான், கிடைத்த சோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வு, புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாக அதைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றது. வழக்கமான சிகிச்சையை நிறுத்திவிட்டுக் காளான் பொடியில் இறங்குகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்குக் கோபமே வருகிறது, அவர்கள் மேல் இல்லை, விற்றவர்கள் மேல்.

16. அம்மாவுக்கு கீமோ போய்ட்டிருக்கு. காளான் குழம்பு கொடுக்கலாமா?

நன்றாக வேகவைத்த சாதாரணக் காளானை உணவாகக் கொடுப்பதில் பொதுவாகத் தடை இல்லை. பச்சையாக வேண்டவே வேண்டாம், காரணம் கேள்வி 10இல் இருக்கிறது. செறிவாக்கிய கேப்சூல், சாறு எதுவானாலும் முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் பாட்டிலைக் காட்டுங்கள். இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அங்கே எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டுவதுதான் சிகிச்சையே, நடுவில் நாம் ஒரு கையைப் போடுவது எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் ரெய்ஷியைத் தவிர்ப்பது நல்லது, ரத்தக் கசிவைக் கூட்டலாம்.

17. எனக்கு முடக்குவாதம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்னா நான் காளானையே விட்டுடணுமா?

உணவாக விட வேண்டியதில்லை. கேள்வி 6இல் பார்த்த ஷிடாகே ஆய்வில் சிஆர்பி குறையத்தான் செய்தது, சாப்பிடும் அளவில் காளான் மூட்டு அழற்சியைக் கிளப்பிவிடும் என்று பயப்படக் காரணம் இல்லை. ஆனால் செறிவாக்கிய தயாரிப்புகளை விட்டுவிடுங்கள். நீங்கள் எடுக்கிற மாத்திரை எதிர்ப்பு மண்டலத்தை அடக்குவதற்கு, இது அதைத் தூண்டுவதற்கு என்று விற்கப்படுகிறது, இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வதில் அர்த்தம் இல்லை. சிறுநீரகம், கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

18. காளான் வளர்க்கிறேன், ஷெட்டுக்குள்ள போனா இருமல் வருது. இதுவும் எதிர்ப்புச் சக்தி சமாச்சாரமா?

ஆமாம், அதன் கெட்ட பக்கம். சிப்பிக் காளான் விரிந்ததும் வித்துத்தூள் ஏராளமாகக் கொட்டும். மூச்சில் தொடர்ந்து போனால் நுரையீரலில் எதிர்ப்பு செல்கள் கொதித்து அழற்சி வரும், வேலை முடிந்து சில மணி நேரத்தில் காய்ச்சல், இருமல், மூச்சிறைப்பு. காளான் தொழிலாளர் நுரையீரல் என்றே இதற்குப் பெயர் உண்டு. குடை முழுக்க விரியும் முன்பே பறியுங்கள், தூள் புகாத நல்ல முகக்கவசம் போடுங்கள், காற்றோட்டம் வையுங்கள். இருமல் நிற்காவிட்டால் நுரையீரல் மருத்துவரிடம் காளான் ஷெட்டில் வேலை என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் ஆஸ்துமா என்றே மருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

19. சரி, எவ்வளவு சாப்பிடணும், எத்தனை நாள்ல தெரியும்?

மருந்து மாதிரி அளவு கிடையாது. ஆய்வுகளில் பயன்பட்டது தினம் 100 கிராம் உலர்த்தாத காளான் (லேசாக வேகவைத்தது), அல்லது 5 முதல் 10 கிராம் உலர்ந்தது, கிட்டத்தட்ட இரண்டும் ஒரே கணக்குதான். மாற்றம் ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் ரத்தத்திலும் எச்சிலிலும் தெரிந்தது, உங்களுக்கு உடம்பில் "தெரியாது". தெரிகிறது என்று யாராவது சொன்னால் அவர் தூக்கமும் சேர்த்துச் சரிசெய்திருப்பார். நிறுத்தினால் மாற்றமும் போய்விடும் என்பது கேள்வி 6இல் வந்தது, ஆகவே ஒரு மாதம் வெறித்தனமாகச் சாப்பிட்டு விடுவதைவிட வாரத்தில் சில நாள் வழக்கமாக்குவது மேல். யூரிக் அமிலம் ஏறிக் கிடப்பவர்கள் அளவைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் காளானில் ஓரளவு உண்டு.

20. எனக்கு அடிக்கடி பூஞ்சைத் தொற்று வருது. காளானும் பூஞ்சைதானே, சாப்பிட்டா அதிகமாகுமா?

ஆகாது. உங்களைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் கேண்டிடா அல்லது தோலில் வரும் படர்தாமரைப் பூஞ்சை, வேகவைத்த காளான் உடம்புக்குள் முளைக்கப்போவதில்லை. அடிக்கடி வருகிறதென்றால் சர்க்கரை அளவைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

இதோடு ஒட்டிய, யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க மருத்துவமனையில் ஒரு சோதனை உண்டு, அது தேடுவது இதே 1,3 பீட்டா குளுக்கனைத்தான். லென்டினன் ஊசி போட்டவர்களுக்குத் தொற்றே இல்லாமல் அது பாசிட்டிவ் காட்டியிருக்கிறது. அதனால் மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் ஒருவர் காளான் சாறு, குளுக்கன் தயாரிப்பு எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால், ரத்தம் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.